சக்கரங்கள் வந்த கதை – 11: சுங்கச் சாவடிக்கு அப்பால் நின்றுபோன கார்

விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அதையும் கடந்தால் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு, இவை புதுச்சேரி. அப்புறம் வளவனூர், மறுபடி தமிழ்நாடு. இன்றைக்கு இந்த எல்லைகளை நமக்குக் காட்டிக்கொடுப்பவை பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும்தான். 1949 முதல் 1954 வரை நிலைமை வேறு. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற வண்டி முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று முறை நாடு மாறும். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் எல்லைக்கோடு வயல் வரப்போடு சேர்ந்து வளைந்து வளைந்து போகும். அந்தக் காலத்தில் அங்கே கார் வைத்திருந்தவர் சாலை விதியைவிடச் சுங்க விதியை நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

மாட்டுவண்டி, புஸ்புஸ், 1879இல் வந்த விழுப்புரம் ரயில் என்று இதுவரை நம் மண்ணில் உருண்ட சக்கரங்களைப் பார்த்துவந்தோம். இந்த இதழில் கொஞ்சம் திசை மாறுகிறேன். நம் பக்கம் வந்திருக்கக்கூடிய, ஆனால் அநேகமாக வராமலே போய்விட்ட ஒரு வண்டி: இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஐந்தரை மீட்டர் நீளம், பழமை கெடாத அமெரிக்கச் சொகுசு கூப்பே. உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் இந்த ரகம் வில்லியனூரிலும் பாகூரிலும் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் அந்த வண்டி பிறந்த ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பணமும் எஃகும் பெட்ரோலும் ஏராளம். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், போர் விமானமான பி-38இன் வாலைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். 1948ஆம் ஆண்டுக் கேடிலாக்கின் பின்புறத்தில் இரண்டு சிறு துடுப்புகள் முளைத்தன. மறு ஆண்டே கேடிலாக் 'கூப் டி வில்' வந்தது. நடுத்தூண் கிடையாது, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. மேலே இரும்புக் கூரை இருக்கும், உள்ளே திறந்த காரின் காற்று வரும். குடும்பம் ஏற நான்கு கதவு வண்டி இருக்கும்போது இரண்டு கதவு வண்டிக்கு அதிகப் பணம் கொடுப்பதில் இருந்த பெருமையே வேறு. பின் இருக்கையில் யார் உட்காருவார்கள் என்று கவலைப்படாதவன்தான் அதை வாங்கினான்.

அந்த வரிசையில் என் மனத்தில் முதலிடம் 1956இல் வந்த காண்டினென்டல் மார்க் 2க்குத்தான். ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் கிளே ஃபோர்டின் பொறுப்பில், அதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கிச் செய்த கார். துடுப்பும் குரோமியமும் போட்டி போட்டு வளர்ந்த அந்தக் காலத்தில் இது மட்டும் நகை போடாத பெரிய வீட்டுப் பெண்ணைப் போல வந்து நின்றது. பக்கவாட்டில் ஒரு கோடு, பின்னால் ஸ்டெப்னி சக்கரத்தின் வடிவில் ஒரு மேடு, அவ்வளவுதான் அலங்காரம். பெரும்பகுதி வேலை கையால். ஆறு லிட்டர் வி-8 எஞ்சின். விலை சுமார் 10,000 டாலர். அன்றைய கணக்கில் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்று வைத்தால் 47,000 ரூபாய்க்கு மேல், சுங்க வரி சேர்க்காமல். அதே ஆண்டில் சாதாரண ஃபோர்டு வாங்க 2,000 டாலர் சொச்சம் போதும். இவ்வளவு விலை வைத்தும் ஒவ்வொரு வண்டியிலும் கம்பெனிக்கு நட்டம்தான் என்பார்கள். 1957இல் நிறுத்திவிட்டார்கள். செய்தது மொத்தம் சுமார் 3,000. நம் அம்பாசடரை அதன் பக்கத்தில் நிறுத்தினால் நீளத்தில் ஒன்றேகால் மீட்டர் குறையும்.

அதன் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1963இல் பியூக் ரிவியேரா. பில் மிட்செலின் மேற்பார்வையில் வந்த அந்த வடிவத்துக்கு வயதே ஆகவில்லை, முதல் ஆண்டில் 40,000 வண்டிகள் செய்தார்கள். 1966இல் முன் சக்கரங்கள் இழுத்துப் போகும் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ, அடுத்த ஆண்டு அதே ஏற்பாட்டில் கேடிலாக் எல்டொராடோ. ஃபோர்டு தண்டர்பேர்டின் அடிச்சட்டத்தில் ரோல்ஸ் ராய்ஸ் பாணி முகப்பை ஒட்டவைத்து லீ அயகோக்கா கொண்டுவந்த லிங்கன் மார்க் 3. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் இந்தக் குடும்பத்துக்கே கிரகணம் பிடித்தது. நீளம் குறையாத லிங்கன் மார்க் 5 அதற்குப் பிறகும் 1977 முதல் 1979 வரை வந்தது என்பது அமெரிக்கப் பிடிவாதத்துக்கு ஒரு சான்று.

இதில் ஒன்றாவது நம் பக்கம் உருண்டு வந்திருக்க வேண்டாமா? அமெரிக்கக் கார் நமக்குப் புதிதல்லவே. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சேவ்ரியில் கார்களைப் பூட்டித் தரத் தொடங்கியது. ஃபோர்டு பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் அந்த வேலையைச் செய்தது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு 1947 முதல் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களை இறக்கியது. பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸில் ஸ்டூடிபேக்கர். கிராமத்தில் 'பிளஷர் கார்' என்றால் கண்முன் வந்து நின்றது இந்த உருண்டை மூக்குப் பெரிய வண்டிகள்தான். காமராஜர் பயன்படுத்திய கறுப்புச் செவர்லேவின் எம்.டி.டி. 2727 என்ற எண் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். நெடுங்காலம் ஓடாமல் நின்ற அந்த வண்டியை அண்மையில்தான் சீரமைத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செவர்லேயும் பிளைமவுத்தும் டாட்ஜும் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் வாங்கிய வண்டிகள். 1960களின் தமிழ்ப் படத்தில் பங்களா வாசலில் நின்று பணக்காரத்தனத்தைக் காட்டிய இம்பாலா, 1965இல் அங்கே ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற குடும்பக் கார். நாம் அண்ணாந்து பார்த்தது அவர்களுடைய நடுத்தர வர்க்கத்தை. உண்மையான சொகுசு வண்டிகளான கேடிலாக், லிங்கன், பேக்கார்டு எல்லாம் சமஸ்தான அரண்மனைகளுக்கும் தூதரகங்களுக்கும்தான் வந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை நான்கு கதவு வண்டிகள். இந்தியர் ஒருவர் சொல்லிச் செய்த அமெரிக்கக் கார்களில் உச்சம், இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930களின் நடுவில் வாங்கிய டூசன்பர்க் எஸ்.ஜே. எஞ்சினும் சட்டமும் அமெரிக்கா, உடல் லண்டனில் கர்னி நட்டிங் பட்டறை, நிறம் ஆரஞ்சும் கறுப்பும். அதுவும் பிற்பாடு அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டது. அப்படிப் பல வண்டிகள் கைவிட்டுப் போன பிறகுதான் 1970களில் அரசு விழித்துக்கொண்டு பழைய கார்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் ஒரே சுங்க ஏற்பாட்டுக்குள் வந்தன. 1949இல் சுதந்திர இந்தியா அதிலிருந்து விலகியது. அன்றிலிருந்து புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு இந்தியச் சுங்கம் கிடையாது. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போதுதான் வரி. தங்கம், வைரம், கைக்கடிகாரம், பேனா, மதுபானம் எல்லாம் புதுச்சேரிக்குள் கொட்டின. அவை ராத்திரியோடு ராத்திரியாக வயல் வழியே எங்கே போயின என்பதைப் பாகூர்க்காரர்களுக்கும் வில்லியனூர்க்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் கேட்டால் சுங்கக்காரன் கதை இரண்டாவது கிடைக்கும்.

கார் மட்டும் இந்த வித்தைக்கு ஒத்துவராது. கடிகாரத்தை வைக்கோலுக்குள் செருகலாம், தங்கத்தைக் கோவணத்தில் முடியலாம். இரண்டு டன் இரும்பை எந்தக் கட்டுக்குள் ஒளிப்பது? கொண்டுபோனாலும் பதிவு எண் வேண்டும், பெட்ரோல் போட வேண்டும், ஊரார் கண்ணில் பட வேண்டும். பாரீஸுக்கும் அப்போது டாலர் பஞ்சம். அமெரிக்கப் பொருளை டாலர் கொடுத்து வாங்க அவர்களுக்கே தயக்கம். ஆகவே கோட்பாட்டளவில் புதுச்சேரி ஒரு திறந்த வாசல். கூப்பே வருகிற அகலம் அதற்கு இல்லை.

பிறகு இரண்டு கதவுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாத்திக்கொண்டன. இந்தக் கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற இந்திய அரசு, இங்கேயே உதிரிபாகம் செய்து கார் தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பூட்டிக்கொடுத்துப் பிழைக்க முடியாது என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு 1954க்குள் போய்விட்டன. அதே 1954இல் பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றிக் கெடுபிடி இறுகியது. மார்ச் மாதக் கடைசியில் நெட்டப்பாக்கம் விடுதலைக் கொடி ஏற்றியது. அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறியது, சுங்கமும் இந்தியச் சுங்கம் ஆனது. முன்வாசலில் கம்பெனிகள் மூட்டை கட்டிய அதே ஆண்டில் பின்வாசலான நம் ஊரும் அடைபட்டது. மார்க் 2 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதற்கு இங்கே வழியே இல்லை.

கீழூர் நினைவு மண்டபத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கோணத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். தேசம் கிடைத்த அன்று கேடிலாக் போனது என்று யாரும் வருத்தப்படவில்லை, படவும் வேண்டாம். வில்லியனூர்க்காரர்களுக்குக் கார் மோகம் தீர வேறு வழி இருந்தது: வைகாசியில் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. அந்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்கள் இன்றும் விடவில்லை.

பிறகு ஒரு சந்து மட்டும் திறந்தது: 1956இல் அரசு வணிகக் கழகம், அதாவது எஸ்.டி.சி., தொடங்கியது. தூதரகக்காரர்கள் நாடு திரும்பும்போது விட்டுச்சென்ற வெளிநாட்டுக் கார்கள் அதன் வழியாக விற்பனைக்கு வந்தன. ஃபியட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கையில் பணமும் கொஞ்சம் செல்வாக்கும் இருந்த சினிமாக்காரரும் ஓட்டல் முதலாளியும் அங்கிருந்துதான் இம்பாலாவையும் பியூக்கையும் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் இன்று காணும் பெரிய அமெரிக்க வண்டிகளில் பல அப்படி வந்தவை.

வந்தவை என்ன ஆயின? இங்கேதான் வயிறு எரிகிறது. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுக்கும் எட்டு சிலிண்டரை 1973க்குப் பிறகு எவன் கட்டி மாரடிப்பான்? சென்னை சிம்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் லாரிக்கும் டிராக்டருக்கும் தாராளமாகக் கிடைத்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு டீசலைத் திணித்தார்கள். டாட்ஜும் பிளைமவுத்தும் பத்துப் பேரை ஏற்றும் வாடகை வண்டியாகவும் கல்யாண வண்டியாகவும் இருபது ஆண்டு கூடுதலாக உழைத்தன. அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வயிற்றுக்காக ஓட்டினார்கள். ஆனால் சேகரிப்பாளர் கண்ணுக்கு டீசல் போட்ட வண்டி பாதி வண்டி.

மீதியை வானம் பார்த்துக்கொண்டது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் கடல் தூரமில்லை; உப்புக் காற்று கதவின் அடி விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது கொட்டகை எது, மரம் எது என்று தெரியாமல் எல்லாம் தரையில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை புரண்டதில் பாகூர்ப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம். இந்த மண்ணில் அறுபது, எழுபது வயதுள்ள ஒரு தகடு பழுது பார்க்காமல் பிழைத்திருந்தால் அதை ஓர் அதிசயமாகத்தான் கொள்ள வேண்டும்.

'நன்றாகக் காத்த வண்டி' என்பதற்கு நம் ஆட்கள் கொடுக்கும் பொருளும் சேகரிப்பாளர் கொடுக்கும் பொருளும் வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நம் பட்டறையில் பழைய கார் வந்தால் முதல் வேலை டிங்கரிங், அடுத்து பட்டி, அதன் மேல் பளபளவென்று புது பெயிண்ட், பம்பருக்குக் குரோமியம் முலாம், இருக்கைக்கு ரெக்ஸின். கண்ணைப் பறிக்கும். அமெரிக்காவின் பெப்பிள் பீச் கண்காட்சியிலோ, தொழிற்சாலையை விட்டு வந்த நிறமும் துணியும் அப்படியே இருக்கும் வண்டிக்கென்று தனிப் பிரிவு வைத்துப் பரிசு தருகிறார்கள். வெளிறிய பெயிண்டுக்கு அங்கே மதிப்பு.

அப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறவர் பானெட்டைத் தூக்கியதும் எஞ்சினைப் பார்க்க மாட்டார். தடுப்புத் தகட்டில் பதித்த சின்ன உலோகப் பட்டையைத் தேடுவார். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அது ஃபிஷர் பாடிப் பட்டை. உடலின் எண், பெயிண்டின் குறி, உள்துணியின் குறி எல்லாம் அதில் அடித்திருக்கும். பட்டையில் ஒரு நிறக் குறி இருந்து வண்டி வேறு நிறத்தில் நின்றால் விலை இறங்கும். அடுத்து டிக்கி. விரிப்பை விலக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரலை ஓட்டுவார். தண்ணீர் தேங்கித் துருப் பிடிக்கும் முதல் இடம் அதுதான். பிறகு ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டிலும் கதவின் அடியிலும் வைத்துப் பார்ப்பார். தகடு இருந்தால் ஒட்டும். உள்ளே பட்டி அப்பியிருந்தால் நழுவி விழும். கடைசியாகக் கண்ணாடியின் மூலையில் பொறித்த குறி: நான்கு கண்ணாடியும் வண்டியின் ஆண்டோடு பொருந்துகின்றனவா, ஒன்று மட்டும் பிற்பாடு வந்ததா என்று அது காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஓடுகிறதா என்பது இதற்கெல்லாம் பிறகு வரும் கேள்வி. ஓடாத எஞ்சினை ஓடவைக்கலாம், போன தகட்டை வரவழைக்க முடியாது.

சட்டமும் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருவம் பெரிதாக மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம்; தினம் காய்கறி வாங்கப் போகக் கூடாது. முன்பு 1950க்கு முந்திய கார்களைத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று இருந்ததை 2025இல் 50 ஆண்டு கடந்தவை என்று தளர்த்தினார்கள். மார்க் 2க்கும் ரிவியேராவுக்கும் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வழி திறந்திருக்கிறது. வரி வண்டியின் விலையையே விழுங்கும் என்பதால் பாகூர் ஏரிக்கரையில் நாளையே ஒன்று வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. சொகுசுக் காருக்கும் புதுச்சேரிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017இல் கேரளத்தில் விலையுயர்ந்த காருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை சாலை வரி, இங்கே சொற்பம். அதற்காகப் போலி முகவரி கொடுத்துப் 'பி.ஒய்.' எண் வாங்கியவர்கள் மீது அந்த ஆண்டில் கேரளப் போலீஸ் வழக்குப் போட்டது நினைவிருக்கலாம். கொச்சியிலும் பெங்களூரிலும் நம் எண்ணோடு திரியும் கோடி ரூபாய்க் கார்களில் எத்தனை வில்லியனூர் தேரடியைப் பார்த்திருக்கும்! அன்று காருக்கு வழி விடாத எல்லைக்கோடு இன்று காரே வராமல் எண்ணை மட்டும் ஏற்றுமதி செய்கிறது.

பெரிய அமெரிக்க வண்டிகளைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னைக்குப் போகலாம்: வடபழனியில் ஏவி.எம். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. கதவைத் திறந்து உட்கார விடமாட்டார்கள். பட்டையும் கண்ணாடிக் குறியும் எட்ட நின்றே தெரியும்.

அடுத்த இதழில் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தாக்களின் வீட்டு வண்டிகள். அதற்கு வாசகர்களிடம் ஓர் உதவி வேண்டும். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 1954க்கு முந்திய வண்டிப் பதிவுத் தாள், சுங்கச் சாவடிச் சீட்டு, கல்யாணத்தில் கார் அருகே நின்று எடுத்த படம் இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். கொட்டகையில் பழைய வண்டியே கிடந்தால், இரும்புக் கடைக்கும் பெயிண்டருக்கும் சொல்லியனுப்பும் முன் பானெட்டைத் தூக்கி அந்தப் பட்டையை ஒரு படம் எடுத்துவைத்துவிடுங்கள்.